வகுப்பில் ஒரு பிள்ளை கொதிக்கும்போது: செட்டிநாட்டுப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

நியமன உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு காரைக்குடி பஸ் நிலையத்தில் இறங்கி, கல்லலுக்கோ புதுவயலுக்கோ பள்ளத்தூருக்கோ டவுன் பஸ் தேடுகிற புது ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். பாடம் நடத்த உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பெஞ்சை உதைத்துத் தள்ளிவிட்டு, மூச்சு வாங்க உங்களை முறைத்துக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வது என்பதை பி.எட். படிப்பில் யாரும் ஒத்திகை பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதற்கான விலையை ஒரு சிறுமி கொடுத்தாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு. அந்த வாரத்தில் மூன்றாம் முறையாக ஒரு பையன் தாமதமாக வந்தான். வாசலிலேயே நிறுத்தி, "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவேன்" என்றேன். எல்லா ஆசிரியரும் தவறாமல் சொல்கிற வாக்கியம். அவன் அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். மூன்று ஆண்டாக ஊருக்கு வரவில்லை. வகுப்பில் என்னைத் தவிர எல்லாருக்கும் அது தெரியும். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் கையிலிருந்த ஜியாமெட்ரி பாக்ஸ் பறந்தது. சிரித்தவன் மேல் படவில்லை. முதல் வரிசையில் இருந்த பெண் பிள்ளையின் புருவத்தைக் கிழித்தது. இரண்டு தையல். அவன் பத்து நாள் பள்ளிப் பக்கமே வரவில்லை.

கோபம் தலைக்கேறிய பிள்ளைக்கு, நாலு பேர் முன்னால் மானம் போகாமல் இறங்கிவர ஒரு படி வேண்டும். அன்று அந்தப் படியை உருவி எடுத்தவள் நான். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் அந்தப் படியை எப்படி விட்டுவைப்பது என்பதுதான்.

முதல் இரண்டு வாரம்: வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். வருகைப் பதிவேட்டில் எழுத வேண்டாம், அதைப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீடுகள் ஏராளம். அம்மாவும் வேலைக்குப் போய்விட, அப்பத்தா வளர்க்கிற பிள்ளைகள், அம்மாச்சி வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள், சித்தப்பா பொறுப்பில் இருக்கிற பிள்ளைகள் என்று பல வகை. "அப்பாவைக் கூட்டி வா" என்பதை அடியோடு விட்டுவிடுங்கள். "உன் வீட்டில் நான் யாரிடம் பேசலாம்?" என்று தனியாகக் கேளுங்கள்.

அடுத்து, காலையில் என்ன சாப்பிட்டான் என்று விசாரியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அது 1 முதல் 5ஆம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அந்தச் சாப்பாடு நின்றுவிடுகிறது. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு ஓடிவருகிற பிள்ளை, மூன்றாம் பாடவேளையில் பென்சிலுக்காகச் சண்டை போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் மேசை இழுப்பறையில் எப்போதும் நாலைந்து பிஸ்கட் பாக்கெட் இருக்கும். யாருக்கு எதற்கென்று அறிவிக்காமல் கொடுப்பேன்.

மூன்றாவதுதான் மிக முக்கியம் என்று நான் நினைக்கிறேன். யாருக்குச் சரளமாகப் படிக்க வராது என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடியுங்கள். ஒவ்வொருவராகப் பக்கத்தில் அழைத்து, மெல்லிய குரலில் நாலு வரி படிக்கச் சொன்னால் போதும். எட்டாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையை எழுப்பி, "அடுத்த பத்தியை நீ படி" என்றால் அவனுக்கு முன்னால் இரண்டே வழிதான் இருக்கின்றன. ஐம்பது பேர் முன்னால் திக்கித் திணறி முட்டாள் என்று பெயர் வாங்கவேண்டும். இல்லாவிட்டால் புத்தகத்தை வீசியெறிந்து ரவுடி என்று பெயர் வாங்கவேண்டும். பதின்மூன்று வயதில் யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். வகுப்பைவிட்டு வெளியே அனுப்புவது அவனுக்குத் தண்டனையே ஆகாது, அவன் கேட்டதே அதுதான். "நாளைக்கு இந்த மூன்று வரியை உன்னைப் படிக்கச் சொல்வேன், இன்றைக்குப் பார்த்துக்கொண்டு வா" என்று முதல் நாளே காதோடு சொல்லிவிடுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் என் வகுப்பில் பாதிச் சண்டை நின்றது.

குற்றம் சொல்ல வீட்டுக்குப் போன் செய்வதற்கு முன்னால், ஒருமுறையாவது நல்லது சொல்லப் போன் செய்யுங்கள். "இன்றைக்குப் பலகையை அவன்தான் துடைத்தான், கையெழுத்து நன்றாக வருகிறது" என்பது போல ஒரு நிமிடப் பேச்சு போதும். அப்பத்தாவிடம் சொன்னால் மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

சூடு ஏறும் இடம், சூடு ஏறும் காலம்

வகுப்பில் நடக்கும் சண்டை பெரும்பாலும் வகுப்பில் தொடங்குவதில்லை. டவுன் பஸ்ஸின் பின்படியில் தொடங்கும். தண்ணீர்க் குழாயடியில், சத்துணவு வரிசையில், தட்டுக் கழுவும் இடத்தில், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் தொடங்கும். மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடாமல், வகுப்பு வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலைத் தாழ்வாரத்திலும் வைத்து நில்லுங்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பெயர் சொல்லுங்கள். "வா தம்பி", "வாம்மா". பஸ்ஸில் அடி வாங்கி வந்தவன் யார் என்பது அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஊர் நாட்காட்டியையும் படியுங்கள். தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு வரும். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி பங்குனித் திருவிழா வரும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு தேர், ஒரு முளைப்பாரி, யாருக்கு முதல் மரியாதை என்று ஒரு பழைய கணக்கு. திருவிழா முடிந்த மறுநாள் வகுப்பறைக்குள் அந்தக் கணக்கு வரும். அன்றைக்குப் பரீட்சை வைக்காதீர்கள், குழுவேலையும் வேண்டாம்.

கையில் கட்டுகிற கயிறு பற்றி ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு மாணவன் தன் வீட்டிலேயே சக மாணவர்களால் சாதியின் பேரால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவை பள்ளிக்குள் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இதில் எனக்கு இரண்டு கருத்துக் கிடையாது, கூடாதுதான். ஆனால் எல்லார் முன்னாலும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது வண்ணக் கயிறா, பால்குடத்துக்கு விரதமிருந்து கட்டிய காப்பா என்று முதலில் கேளுங்கள். காப்பை அறுத்தால் பிள்ளை மட்டும் கொதிக்க மாட்டான், வீடே வாசலுக்கு வரும். சாதிக் கயிறு என்றால் தனியே அழைத்து, காரணம் சொல்லி, அவன் கையாலேயே அவிழ்க்கச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விதி என்பதைச் செய்கையில் காட்டுங்கள். உங்கள் சாதிப் பையன் என்று ஒருவனை விட்டீர்கள் என்றால் அன்றோடு உங்கள் சொல் செத்தது.

உதட்டுக்கு அடியில் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலம் இந்தப் பக்கமும் வந்துவிட்டது. அது கிடைக்காத நாளில் எரிச்சலும் கைநடுக்கமும் வரும். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளையின் பையைக் கிளறுவதைவிட, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தக் கடையைப் பற்றிப் பேசுவது பலன் தரும்.

புகையும்போதே பாருங்கள்

வெடிப்பதற்கு முன் உடம்பு சொல்லிவிடும். வழக்கமாகப் பேசுகிறவன் வாயை மூடுவான். அமைதியானவன் சத்தம் போடுவான். தாடை இறுகும், காது சிவக்கும், கால் தரையைத் தட்டும், பேனா மூடி உடையும். இந்தக் கட்டத்தில் ஒரு நிமிடம் செலவழித்தால், பிறகு ஒரு நாளை மிச்சம் பிடிக்கலாம். பெயரைச் சத்தமாகக் கூப்பிடாமல், பாடம் நடத்திக்கொண்டே அவன் பெஞ்சுப் பக்கம் நடந்து போங்கள். குனிந்து, "என்னப்பா, உடம்புக்கு என்ன?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வேலை கொடுங்கள். "இந்த நோட்டுக் கட்டை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வா." நூறு அடி நடந்து போய்த் திரும்பும்போது அவன் வேறு ஆளாக இருப்பான். கூட இருப்பவர்களுக்கு அவன் ஏதோ வேலையாகப் போனான் என்பதுதான் தெரியும்.

கொதிக்கும்போது: வரிசையாகச் செய்யவேண்டியவை

நான் சரியாகச் செய்த ஒரு நாளை வைத்தே சொல்கிறேன். அப்போது நான் இருந்தது, ஒரு செட்டியார் குடும்பம் பள்ளிக்கென்று கொடுத்த பழைய கட்டடம். ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரம், மரத்தூண்கள், நடுவில் முற்றம். தை மாதம், சாப்பாட்டு இடைவேளை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டில் மஞ்சுவிரட்டு மாடு வளர்த்தார்கள். அந்த ஆண்டு அவர்கள் மாடு பிடிபட்டுவிட்டது. "உன் மாடு பிடிமாடாமே" என்று எவனோ சொல்லிவிட்டான். நான் போனபோது பையன் ஜன்னல் ஓரம் முதுகைச் சுவரில் வைத்து நின்றிருந்தான். கையில் காம்பஸ், முள் வெளியே. சுற்றி இருபது பேர்.

முதலில் கூட்டத்தைக் கலைக்கவேண்டும். அவனை நகர்த்த முயல வேண்டாம், பார்ப்பவர்களை நகர்த்துங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் "எல்லாரையும் முற்றத்துக்குக் கூட்டிப் போங்கள் சார்" என்றேன். சீண்டியவனையும் அவர் கூட்டிப் போனார். வேடிக்கை பார்க்க ஆள் இருக்கும்வரை எந்தப் பிள்ளையாலும் இறங்க முடியாது.

இரண்டாவது, உங்கள் உடம்பு. ஒரு மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள். இரண்டு கை நீளத்துக்குக் குறையாமல் தள்ளி நில்லுங்கள். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். அவன் வெளியேறும் வழியை மறிக்காதீர்கள். கைகள் அவனுக்குத் தெரியட்டும்; சாக்பீஸ், அளவுகோல், பிரம்பு எதுவும் கையில் வேண்டாம். விரல் நீட்டாதீர்கள். தோளைத் தொட்டுச் சமாதானம் செய்யும் நல்ல எண்ணமும் இந்த நேரத்தில் அடியில்தான் முடியும்.

மூன்றாவது, குரல். அவன் குரல் ஏற ஏற உங்கள் குரல் இறங்கவேண்டும். வாக்கியம் நாலு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. "தம்பி, நான் இங்கே நிற்கிறேன். யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள்." அவ்வளவுதான் சொன்னேன். அவன் கெட்ட வார்த்தை சொன்னான், எனக்கும் சேர்த்து. நான் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்த வார்த்தைகளுக்கான கணக்கை நாளை பார்க்கலாம். "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் அவனுக்கே தெரியாது. "நீ நல்ல பையனாயிற்றே", "உன் அண்ணன் எப்படி இருந்தான்" என்பவையும் வேண்டாம். பேசிவிட்டுக் காத்திருங்கள். அந்த மௌனம் உங்களுக்கு ஒரு யுகம் போல் இருக்கும், உண்மையில் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

நான்காவது, அவன் மனதில் இருப்பதை ஒரே வரியில் சொல்லுங்கள். "மாட்டைச் சொன்னது உனக்கு வலித்திருக்கிறது." நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்லவில்லை, கவனியுங்கள். அவன் கண் முதன்முதலாக என் பக்கம் திரும்பியது அப்போதுதான்.

ஐந்தாவது, இரண்டு வழி கொடுங்கள். இரண்டுமே உங்களுக்குச் சம்மதமானவையாக இருக்கட்டும். "காம்பஸை ஜன்னலில் வைக்கிறாயா, பெஞ்சில் வைக்கிறாயா?" என்றேன். கொடு என்று கை நீட்டினால் என்னிடம் தோற்றதாக ஆகிவிடும். எங்கே வைப்பது என்பது அவன் முடிவு. "இப்போது கீழே போடாவிட்டால் டி.சி.தான்" என்று மிரட்டினால், அவன் போடாதபோது உங்கள் கையில் எதுவும் மிச்சமிருக்காது. சொல்லிவிட்டு நான் முற்றத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன், ஓரக்கண்ணில் அவன் கை மட்டும் இருந்தது. காம்பஸ் ஜன்னல் கட்டையில் மெல்ல உட்கார்ந்தது.

ஆறாவது, ஆறவிடுங்கள். அவன் தரையில் சரிந்து உட்கார்ந்தான். அந்தக் கல் நடுப்பகலிலும் குளுகுளுவென்று இருக்கும். நானும் ஒரு தூண் தள்ளி உட்கார்ந்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. இருபது நிமிடம் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏறிய ரத்த ஓட்டமும் படபடப்பும் அடங்கக் குறைந்தது அவ்வளவு நேரம் ஆகும். சிலருக்கு ஒரு மணி நேரமும் ஆகும். புது ஆசிரியர்கள் தவறுவது இங்கேதான். பிள்ளை அமைதியானதும் உடனே அறிவுரை தொடங்குவார்கள், இரண்டாம் நிமிடத்தில் பழையபடி வெடிக்கும்.

கடைசியில் அவனே பேசினான், மாட்டைப் பற்றி. "தொழுவத்துக்குள் போகும்போதே குரல் கொடுத்துக்கொண்டு போகவேண்டும் டீச்சர். நேர் எதிரே போய் நிற்கக் கூடாது. அதற்கு ஒதுங்க இடம் இருக்கவேண்டும்." அன்று மாலையே, வகுப்பு வாசலுக்குக் குறுக்கே கிடந்த என் மேசையை எதிர்ச் சுவர் ஓரம் நகர்த்திப் போட்டேன்.

இருவர் கட்டிப் புரளும்போது

நடுவில் பாயாதீர்கள். ஒரு பிள்ளையை ஓடவிட்டு உடற்கல்வி ஆசிரியரையும் தலைமையாசிரியரையும் அழையுங்கள். இருவரின் பெயரையும் உரக்க, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மற்றவர்களை வெளியேற்றுங்கள். பிரிந்ததும் இருவரையும் ஒருவரையொருவர் பார்க்க முடியாத இரண்டு இடத்தில் உட்கார வையுங்கள். சண்டை முடிந்த சூட்டில் கைகுலுக்கச் சொல்லும் வழக்கத்தை விடுங்கள். அரிவாளோ கத்தியோ கையில் இருந்தால் வீரம் காட்டவே காட்டாதீர்கள். பிள்ளைகளை வெளியேற்றிவிட்டு, தூரத்திலிருந்து பேசிக்கொண்டே 112க்குச் சொல்லுங்கள்.

அடங்கிய பிறகு

முதலில் அடி வாங்கிய பிள்ளையைப் பாருங்கள். அடித்தவனைச் சுற்றியே எல்லாரும் நிற்பார்கள். அந்தச் சிறுமியின் புருவத்தை நான் நினைத்துப் பார்க்கவே அரை மணி நேரம் ஆனது. காயத்துக்கு மருந்து, வீட்டுக்குத் தகவல், மறுநாள் எங்கே உட்கார விருப்பம் என்ற கேள்வி, மூன்றும் அன்றே நடக்கவேண்டும்.

அடித்தவனிடம் மறுநாள் காலை, தனியே: என்ன நடந்தது? அதற்கு முன்னால் என்ன நடந்தது? யாருக்கு வலித்தது? அதைச் சரிசெய்ய உன்னால் என்ன முடியும்? உடைந்த பெஞ்சை ஆசாரியோடு உட்கார்ந்து சரிசெய்வது, எழுதிக் கொடுக்கும் மன்னிப்புக் கடிதத்தைவிட நூறு மடங்கு மேல்.

பிரம்பைப் பற்றி யாராவது ஆலோசனை சொல்வார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறினால் பணிவிதிப்படி நடவடிக்கை வரும். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன்: அடி வாங்கி வளர்ந்த பிள்ளைதான் அடிக்கிறான், நீங்களும் அடித்தால் அந்தப் பட்டியலில் இன்னொரு பெயர்.

வீட்டுக்குத் தகவல் சொல்வதிலும் பக்குவம் வேண்டும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே மாலை ஆறரை என்றால் அங்கே இரவு ஒன்பது, வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார்கள். அந்த நேரம் பேசுங்கள். குற்றப்பட்டியலை மட்டும் படித்தால் அவர் அங்கிருந்து கத்துவதைத் தவிர என்ன செய்ய முடியும்? அந்தக் கத்தலைத் தாங்கிக்கொண்டு பிள்ளை மறுநாள் உங்கள் வகுப்புக்குத்தான் வருவான். நடந்ததை மூன்று வரியில் சொல்லிவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை அவனோடு பத்து நிமிடம் படிப்பைத் தவிர வேறு எதையாவது பேசுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அப்பத்தா இருந்தால் பள்ளிக்கு வரச்சொல்லி அலைக்கழிக்காமல், முடிந்தால் நீங்களே போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள்.

அன்றிரவே நோட்டில் எழுதுங்கள்: நாள், நேரம், இடம், முன்னால் நடந்தது, அவன் செய்தது, பிறகு நாம் செய்தது. "ரவுடித்தனம் செய்தான்" என்று எழுதாமல் "பெஞ்சை இரண்டு முறை உதைத்தான்" என்று எழுதுங்கள். ஐந்தாறு முறை எழுதியதும் ஒரு ஒழுங்கு தெரியும். எப்போதும் கணக்குப் பாடவேளை, எப்போதும் திங்கட்கிழமை, எப்போதும் ஒரே பையன் பக்கத்தில் உட்கார்ந்த நாள்.

உங்கள் கையை மீறும்போது

வீட்டில் அடி, பட்டினி, தவறான தொடுதல் என்று சந்தேகம் எழுந்தால் 1098க்கு அழையுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆகவேண்டும். தலைமையாசிரியர் வேண்டாம் என்றாலும்கூட. பள்ளிக் கல்வி சார்ந்த ஆலோசனைக்கு 14417, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டிலும் தமிழில் பேசலாம். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையையும், கோபத்துக்குப் பிறகு எதுவும் நினைவில்லை என்று சொல்லும் பிள்ளையையும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நினைவு தப்புவது சிலருக்கு வலிப்பு நோயாகவும் இருக்கும். 18 வயது நிறையாத எவரும் சட்டத்தின் கண்ணில் குழந்தை என்பதை, "ஸ்டேஷனில் ஒரு நாள் உட்கார வைத்தால் திருந்துவான்" என்று சொல்பவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

எல்லாம் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்து உட்காரும்போது உங்கள் கையும் நடுங்கும். எனக்கு இருபது ஆண்டுக்குப் பிறகும் நடுங்குகிறது. அதை மறைக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம், "அடுத்த பாடவேளையை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். முகத்தைக் கழுவிவிட்டு, அதற்கடுத்த பாடவேளைக்கு அதே வகுப்பு வாசலில் போய் நில்லுங்கள். அவன் உள்ளே வரும்போது, எப்போதும் போல அவன் பெயரைச் சொல்லுங்கள்.